சூப்பர் மார்க்கெட் சொந்த பிராண்ட் டீத்தூள், பால் இல்லாம குடிக்க லாயக்கா?

நொய்யல்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கமுங்க. சின்ன சந்தேகம்தான், ஆனா இதனால வீட்ல தினமும் பஞ்சாயத்து ஓடுது. நாங்க மாசாமாசம் மளிகை வாங்குற சூப்பர் மார்க்கெட்ல அவங்க சொந்த பேர்ல ஒரு டஸ்ட் டீத்தூள் போட்டுருக்காங்க, அரைக் கிலோ 150 ரூபா. பக்கத்து ரேக்ல டிவி விளம்பரம் வர்ற பிராண்ட் அதே அரைக் கிலோ 300 கிட்ட வருது. பாதிக்குப் பாதி மிச்சம்னு எடுத்துட்டு வந்துட்டேன்.

வீட்டம்மா பால் ஊத்தி இஞ்சி தட்டிப் போட்டு குடிக்கறவங்க, அவங்களுக்கு இது ரொம்பப் பிடிச்சுப்போச்சு, கலரும் வருது ஸ்ட்ராங்காவும் இருக்கு, இனி இதையே வாங்கிட்டு வாங்கங்கறாங்க. எனக்கு பால் ஒத்துக்கறதில்ல, ரொம்ப நாளா பால் இல்லாத டீதான், அதுல இந்தத் தூளைப் போட்டா நாக்கு வறண்டு இழுத்துப் பிடிக்குது, தூள் சுடுதண்ணில விழுந்து அரை நிமிஷம் கூட ஆகல கருகருன்னு ஆயிடுது, மணம்னு பார்த்தா ஒண்ணுமே இல்ல.

ஆஃபீஸ்ல கேட்டா ஒருத்தர் டஸ்ட்ங்கறதே ஃபேக்டரி தரையில கிடக்கறத கூட்டி அள்ளுறதுதான்னு சொல்றார், இன்னொருத்தர் அதுல சாயம் கலப்பாங்கன்னு பயமுறுத்தறார். நிஜமாவே மட்டமான தூளா, இல்ல நான் போடற விதம் சரியில்லையா? விளம்பர பிராண்டுக்கே திரும்பிப் போயிடட்டுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

டிகிரிகாபி எழுதியது:

கோயமுத்தூர்ல உக்காந்துகிட்டு பால் இல்லாத டீக்கு பஞ்சாயத்தா? நல்ல காபி பில்டர் வாங்குங்க, பிரச்சனை தீந்துச்சு.

குன்னூர்க்குளிர் எழுதியது:

காபிக்காரர் கொஞ்சம் ஓரமா நில்லுங்க. நான் ரொம்ப வருஷம் குன்னூர் பக்கம் தேயிலை ஃபேக்டரில சல்லடை செக்‌ஷன்ல இருந்தவன், அதனால நீளமாத்தான் எழுதுவேன்.

முதல்ல அந்தக் கூட்டி அள்ளுற கதை. எங்க போனாலும் கேக்கறாங்க, அப்படி இல்லவே இல்ல. டஸ்ட்ங்கறது ஒரு கிரேடு. பச்சை இலை வந்ததும் ராத்திரி பூரா காத்துல வாடவிடுவோம், அப்புறம் சிடிசி மெஷின், பல் வெச்ச ரெண்டு உருளை ஒண்ணுக்கொண்ணு எதிரா வேற வேற வேகத்துல சுத்தும், அதுக்கு நடுவுல இலை நசுங்கி கிழிஞ்சு சுருண்டு வெளிய வரும். அதைப் பரப்பி வெச்சா காத்து பட்டு பச்சை போய் செம்பு நிறத்துக்கு வரும், அந்த நேரத்துல ஃபேக்டரிக்குள்ள நின்னீங்கன்னா ஆப்பிள் வெட்டி வெச்ச வாசம் அடிக்கும், அதுக்கப்புறம் டிரையர். டிரையர்ல இருந்து வர்றத சலிச்சா மேல நிக்கற பெரிய குருணை பிஓபி, பிபி, அடுத்தது பிஎஃப், கடைசில இறங்கற நைசு எல்லாம் டஸ்ட் வகை, எஸ்ஆர்டி, ஆர்டி, எஸ்எஃப்டின்னு பேரு. ஒரே நாள், ஒரே இலை, ஒரே டிரையர், சல்லடைக் கண்ணு மட்டும்தான் வித்தியாசம். நல்ல இலைல வந்த டஸ்ட் மட்டமான இலைல வந்த பெரிய குருணைய விட நல்லாவே இருக்கும், ஏலத்துல விலையும் கூடவே போகும். தரையில விழுந்தது, நார், குச்சித் துணுக்கு இதெல்லாம் டீ வேஸ்ட், அதைக் குடிக்கற டீயா விக்கக் கூடாதுன்னு 1959லயே தனி கட்டுப்பாட்டு ஆணை இருக்கு. திருட்டுத்தனமா நடக்கறது வேற, ஆனா டஸ்ட்ன்னாலே அதுதான்னு சொல்றது அநியாயம்.

இப்ப உங்க நாக்குக்கு வரேன். குருணை எவ்வளவு பொடியோ அவ்வளவு வேகமா உள்ள இருக்கறது எல்லாம் தண்ணில இறங்கிடும், நிறமும் சரி துவர்ப்பும் சரி. நம்மூர்ல டஸ்ட் ஓடறதே பாலுக்காகத்தான், பால்ல இருக்கற புரதம் அந்தத் துவர்ப்பைப் பிடிச்சு வெச்சுக்கும், நாக்குக்குத் தெரியாது, நிறமும் திடமும் மட்டும் நிக்கும். அதே தூள்ல பால் இல்லாம போட்டா மறைக்க ஆள் இல்ல. ஆக உங்க வீட்டம்மா சொல்றதும் சரி, நீங்க சொல்றதும் சரி. அந்தப் பாக்கெட் அவங்களுக்காகப் போட்டது.

இருக்கறத தீர்க்கணும்னா இப்படிப் பண்ணுங்க. தண்ணி தளதளன்னு கொதிச்சதும் அடுப்ப நிறுத்துங்க, ரெண்டு டம்ளருக்கு தலை தட்டின ஒரே ஸ்பூன், மூடி வெச்சு ஒரு நிமிஷம், மிஞ்சிப்போனா ஒண்ணரை, உடனே வடிகட்டிடுங்க. தூளப் போட்டுட்டு கொதிக்கவே விடக்கூடாது. டீ டேஸ்ட் பண்றவங்க நூறு மில்லிக்கு ரெண்டு கிராம் போட்டு ஆறு நிமிஷம் ஊற வைப்பாங்க, ஐஎஸ்ஓ 3103னு அதுக்கு ஒரு தர முறையே இருக்கு, ஆனா அது குறை எங்க இருக்குன்னு தோண்டறதுக்கு, காலைல பேப்பர் படிச்சுட்டே குடிக்கறதுக்கு இல்ல.

சாயம் சந்தேகம் இருந்தா வீட்லயே பாத்துடலாம், உணவுப் பாதுகாப்பு ஆணையமே சொல்ற வழிதான். வடிதாள்ல கொஞ்சம் தூளைத் தூவி தண்ணி தெளிச்சு நனைய விடுங்க, அப்புறம் குழாயடில தூளக் கழுவி விட்டுட்டு தாளை வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. சுத்தமான தூள்னா கறை நிக்காது. சாயம்னா திட்டுத்திட்டா ஒட்டிக்கும். இரும்புத் துகள் சந்தேகம்னா ஒரு தட்டுல தூளைப் பரப்பி காந்தத்தை மேல ஓட்டுங்க.

மதுரைபாய்லர் எழுதியது:

குன்னூர் அண்ணே சொல்றது நூத்துக்கு நூறு. நமக்கு அப்பா காலத்துல இருந்து டீக்கடை. ஒரே தூள்ல எந்த மாஸ்டரும் டீ போட மாட்டாரு, கலருக்கு ஒரு டஸ்ட்டு மணத்துக்கு ஒரு டஸ்ட்டு ரெண்டையும் கலந்து டப்பால போட்டு வச்சிருப்போம், அந்த அளவ பக்கத்துக் கடைக்காரன் கேட்டா கூட சொல்ல மாட்டோம். பெரிய பிராண்டுக்காரன் பண்றதும் அதேதான், பல எஸ்டேட் பல ஃபேக்டரி தூளை கலந்து வருஷம் பூரா ஒரே ருசி வர்ற மாதிரி பாத்துக்கிறான், அதுக்குன்னு டேஸ்ட் பாக்குற ஆளுகள சம்பளம் குடுத்து வச்சிருக்கான். நீங்க குடுக்கிற கூடுதல் காசுல கொஞ்சம் அதுக்கு, மிச்சம் நடிகைக்கு.

கடை பிராண்டுல என்ன வம்புன்னா இந்த மாசம் வாங்குன பாக்கெட்டு தேனா இருக்கும், அடுத்த மாசம் அதே கவரு அதே விலை உள்ள வேற சரக்கா இருக்கும். அதனால மொத்தமா ரெண்டு கிலோ எடுத்து அடுக்கிராதீங்க, நூறு கிராம் பாக்கெட்டு இருந்தா அதுல ஆரம்பிங்க.

அப்புறம் ப்ரோ, பால் இல்லாத டீ எங்க கடையிலயும் கேப்பாங்க, அதுக்கு வடிகட்டுற துணிப் பைல ஏற்கனவே ஊறி நிக்கிற டிகாக்‌ஷன ஊத்துனா குடிக்கிற ஆளு மூஞ்சி கோணிரும். பையக் கழுவிட்டு புதுத் தூள் கொஞ்சூண்டு போட்டு ஒரே ஒரு தடவ சுடுதண்ணி ஊத்தி இறக்கணும், ரெண்டு சொட்டு எலுமிச்சம்பழம் விட்டா அந்தக் கருப்பு அப்படியே செவப்பா தெளியும். இத வீட்ல செஞ்சு பாருங்க.

பட்ஜெட்பத்மா எழுதியது:

விலையப் பத்தி யாரும் கணக்கு போடலியே, நான் போடறேன். தலை தட்டின ஒரு ஸ்பூன் டஸ்ட் ரெண்டரை கிராம் வரும்னு வெச்சுக்கோங்க. அரைக் கிலோல 200 கப். 300 ரூபா பாக்கெட்னா கப்புக்கு ஒண்ணரை ரூபா, 150 ரூபா பாக்கெட்னா 75 பைசா. சரி மலிவுத் தூள் திடம் பத்தலன்னு ஒண்ணரை ஸ்பூன் போடறீங்க, அப்பவும் ஒரு ரூபா பன்னெண்டு பைசாதான், மிச்சம்தான். ஆனா ரெண்டு ஸ்பூன் கேக்கற தூள்னா கணக்கு சரிக்குச் சரி ஆயிடும், அப்ப விளம்பர பிராண்டே வாங்கிக்கலாம். கிலோ விலையப் பாக்காம டப்பா எத்தன நாள் வருதுன்னு பாக்கணும், நான் பாக்கெட் உடைக்கற அன்னிக்கு கவர் மேலயே பேனால தேதி எழுதி வெச்சிடுவேன்.

பால் டீ குடிக்கறவங்க இதுக்காக மண்டைய உடைச்சுக்கறதுல அர்த்தமே இல்ல, நூறு மில்லி பால் நாலஞ்சு ரூபா ஆகுது, தூள்ல 75 பைசா மிச்சம் பிடிச்சு என்ன பண்ணப்போறோம். பால் இல்லாம குடிக்கற நொய்யல்கரை அண்ணாவுக்கு தூள்தான் மொத்தச் செலவே, அவர் கொஞ்சம் நல்லதா வாங்கினாலும் அவர் கப்பு அந்தக்கா கப்ப விட மலிவாத்தான் இருக்கும். இத வீட்ல எடுத்துச் சொல்லுங்க அண்ணா, பஞ்சாயத்து முடிஞ்சிடும்.

இன்னொண்ணு, மணம் இல்லன்னு சொல்றீங்களே, எங்க வெச்சிருந்தாங்கன்னு பாருங்க. டீத்தூள் பக்கத்துல இருக்கற வாசனையெல்லாம் இழுத்துக்கும். நான் வழக்கமா போற கடைல ஊதுபத்தி, சோப்பு அடுக்கற ரேக்குக்கு எதிர்ல டீய அடுக்கியிருந்தாங்க, மெல்லிசு பிளாஸ்டிக் கவர் வேற, டீ போட்டா பூஜை அறைல உக்காந்து குடிக்கற மாதிரி இருந்துச்சு. வீட்லயும் பெருங்காயம், மசாலா டப்பா பக்கம் வெக்காதீங்க.

நொய்யல்கரை எழுதியது:

அடேங்கப்பா, இவ்வளவு பேர் எழுதுவீங்கன்னு நெனக்கல, எல்லாருக்கும் நன்றிங்க.

வடிதாள் சோதனை பண்ணிட்டேன், கறை ஒண்ணும் நிக்கல, லேசா ஈரத்தடம் மட்டும்தான். காந்தத்துலயும் ஒண்ணும் ஒட்டல. அடுப்ப நிறுத்திட்டு ஒரு நிமிஷத்துல வடிகட்டினதுக்கு டீ நல்லாவே மாறிடுச்சுங்க, அந்த நாக்க இழுக்கறது முக்கால்வாசி போயிடுச்சு. எலுமிச்சைல கலர் மாறினத பாத்து பையன் இன்னொரு தடவ போடுன்னு நின்னுட்டான். ஆனா மணம்? அது இன்னும் வரல. தண்ணி எங்க வீட்ல போர் தண்ணிதான், அதுவும் காரணமா இருக்குமா? இன்னொன்னு, ஒரு நாள் மிச்ச டீய அப்படியே வெச்சுட்டேன், ஆறினதும் கலங்கிப்போய் சேத்துத் தண்ணி மாதிரி ஆயிடுச்சு, அதைப் பாத்து வீட்டம்மாவுக்கு மறுபடி சந்தேகம்.

லண்டன்மூட்டம் எழுதியது:

தண்ணி கண்டிப்பா காரணம் தாங்க. லண்டன் தண்ணி முழுக்க சுண்ணாம்பு, பால் இல்லாம டீ போட்டு ரெண்டு நிமிஷம் வெச்சா மேல பழுப்பா ஒரு ஏடு படியும், கப்பு ஓரத்துல கறையா ஒட்டிக்கும். உப்புத் தண்ணில டீ மங்கலாத்தான் இறங்கும், மணம் அமுங்கிடும். இங்க ஒரு பெரிய பிராண்ட், யார்க்‌ஷயர் டீ, கடினத் தண்ணிக்குன்னே தனி பாக்கெட் போடறாங்கன்னா பாத்துக்கோங்க. நீங்க குடிக்கற கேன் தண்ணியோ ஃபில்டர் தண்ணியோ எடுத்து ஒரு கப் போட்டுப் பாருங்க, அதே தூள்தானான்னு கேப்பீங்க.

இங்க சூப்பர் மார்க்கெட் சொந்த பிராண்ட் டீ பேக்னா யாரும் மட்டமா பாக்கறதில்ல, நெறைய பேர் அதைத்தான் குடிக்கறாங்க. கென்யா தூள் நெறைய இருக்கும், அதுவும் சிடிசிதான், பளிச்சுன்னு செவப்பா இறங்கும். ஆனா ஒரு சூட்சுமம் இருக்கு, எண்ணிக்கையப் பாத்து ஏமாறக்கூடாது. 80 பேக்னு ரெண்டு டப்பாலயும் போட்டிருக்கும், ஒண்ணு 250 கிராம், இன்னொண்ணு 200 கிராம். மலிவு டப்பால டீ லைட்டா இருக்கறதுக்கு தூளோட தரத்த விட அதுல தூளே கம்மிங்கறதுதான் காரணம். நம்ம ஆளுங்க நெறைய பேர் அந்தப் பையக் கத்திரிச்சு தூளக் கொட்டி பால்ல போட்டுக் கொதிக்க வெச்சிடறாங்க, பாவம் டீ பேக் கண்டுபிடிச்சவன்.

பனங்கட்டி எழுதியது:

யாழ்ப்பாணத்திலயிருந்து எழுதுறன். எங்கட பக்கம் விடிய எழும்பினவுடன பால் விடாத பிளேன்ரீ தான், ஒரு துண்டு பனங்கட்டியைக் கடிச்சுக்கொண்டு குடிச்சால் வேற ஒண்டும் வேண்டாம். அதால தேயிலையில குறை இருந்தால் முதல் மிடறிலயே பிடிபட்டுடும், பாலுக்குள்ள ஒளிக்கேலாது. வீட்டுக்கு கூடுதலா டஸ்டை விடப் பெரிய குருணையான பிஓபிஎஃப் தான் வாங்குவம், டஸ்ட் தேத்தண்ணிக் கடைக்காரருக்கு. சுப்பர்மார்க்கட் தங்கட பேரில போடுற பைக்கட்டும் இருக்கு, குறை சொல்லேலாது, நல்லாத்தான் இருக்கு.

ஒரு விசயம் சொல்லோணும். நிறம் கடுமையா இருந்தால்தான் நல்ல தேயிலை எண்டு நினைக்கிறியள் போல கிடக்கு. இங்க 600 மீற்றருக்குக் கீழ விளையிற தேயிலை கடும் நிறம், திடமும் கூட, 1200 மீற்றருக்கு மேல நுவரெலியாப் பக்கத்தால வாறது பொன் நிறத்தில மெல்லிசாத்தான் இறங்கும், ஆனால் வாசம் அதிலதான். பிளேன்ரீக்கு நான் எண்டால் அந்த உயரத்துத் தேயிலையைத்தான் எடுப்பன். நிறம் வரேல்லை எண்டு ரெண்டாவது கரண்டி போட்டால் கசக்கும், காசும் போகும். வெளிநாட்டில இருக்கிற ஆக்கள் சிலோன் தேயிலை எண்டு வாங்கிற நேரம் பைக்கட்டில வாள் பிடிச்ச சிங்கச் சின்னம் இருக்கோ எண்டு பாருங்கோ, இலங்கையில விளைஞ்சு இலங்கையிலயே பைக்கட் பண்ணின தேயிலைக்குத்தான் தேயிலைச் சபை அதைக் குடுக்கும்.

மதுரைபாய்லர் எழுதியது:

எல்லாம் சரி, ஒண்ணு கேக்கேன். அரைக் கிலோ 150க்கு விக்கிறான்னா அதுல தேயிலை பறிச்சவனுக்கு என்ன போகும்? இவ்வளவு மலிவா வாங்கிக் குடிக்கிறது நல்லதா? குன்னூர் அண்ணே சொல்லட்டும்.

குன்னூர்க்குளிர் எழுதியது:

மதுரைக்காரர் சரியான இடத்துல குத்திட்டீங்க. நாலு, நாலரை கிலோ பச்சை இலை போட்டாத்தான் ஒரு கிலோ தூள் வரும். எங்க பக்கம் சின்ன விவசாயிங்க ஒரு ஏக்கர் அரை ஏக்கர் வெச்சு ஃபேக்டரிக்கு இலை குடுக்கறவங்க, கிலோவுக்கு பதினஞ்சும் இருவதும்தான் கிடைக்குதுன்னு வருஷக்கணக்கா போராடிட்டு இருக்காங்க, பறிக்கற கூலிக்கே சரியாப் போயிடுது. ஆனா நீங்க 300 ரூபா பாக்கெட் வாங்கினா அந்த மிச்ச 150 அவங்களுக்குப் போகும்னு நெனைக்காதீங்க. பெரிய பிராண்டும் கடை பிராண்டுக்குப் போட்டுக் குடுக்கற பாக்கெட்காரரும் பெரும்பாலும் ஏலத்துல அதே குன்னூர், கோயமுத்தூர், கொச்சி சரக்கைத்தான் எடுக்கறாங்க, வித்தியாசப் பணம் விளம்பரத்துக்கும் கடைக்காரர் கமிஷனுக்கும் போகுது. விவசாயிக்கு நேரா ஏதாவது போகணும்னு ஆசைப்பட்டா சின்ன விவசாயிங்க கூட்டுறவு ஃபேக்டரிங்களோட கூட்டமைப்பு இன்ட்கோசர்வ் போடற தூள வாங்குங்க, ரேஷன் கடைல ஊட்டி டீன்னு வருதே அது அவங்களுதுதான். ரேஷன்ல வர்றதுன்னு இளக்காரமா பாக்கறாங்க, புதுசா வந்த பாக்கெட்டா இருந்தா பால் டீக்கு ஒரு குறையும் இல்ல. டான்டீ இன்னொண்ணு, அரசாங்கத்தோடது, இந்தியாவும் இலங்கையும் போட்ட சாஸ்திரி சிறிமாவோ ஒப்பந்தத்துல இலங்கைல இருந்து திரும்பி வந்த மக்களுக்கு வேலை குடுக்கறதுக்காக ஆரம்பிச்ச தோட்டம், அதுவும் கடைல கிடைக்குது.

நொய்யல்கரை, உங்க கலங்கின டீ. அதுக்கு க்ரீம் டவுன்னு சொல்வோம், டீல இருக்கற காஃபினும் நிறம் குடுக்கற சத்தும் ஆறும்போது சேந்து திரியும், கெட்டது இல்ல, திடமான டீக்கு அடையாளம்னே டேஸ்ட் பண்றவங்க எடுத்துக்குவாங்க. மறுபடி சூடு பண்ணினா தெளிஞ்சிடும். வீட்டம்மாகிட்ட காமிங்க.

மணம் வேணும்னா டஸ்ட்ல தேடறது வீண். ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, அதே கடை பிராண்டுலயே லீஃப் டீன்னு குருணை பெருசா ஒண்ணு இருக்கும், டஸ்ட்ட விட இருபது முப்பது ரூபா கூட இருக்கலாம், அதை மூணு நிமிஷம் ஊற வெச்சுக் குடிங்க. இன்னொண்ணு, நீலகிரி ஆர்த்தடாக்ஸ், சிடிசில கிழிக்காம உருட்டிச் செஞ்சது, டிசம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் குளிர்ல மெதுவா வளர்ற இலைல செஞ்சதுன்னா மணம் தூக்கும். கிலோ விலை கேட்டா தலை சுத்தும், ஆனா பத்மாம்மா கணக்குப்படி போட்டுப் பாருங்க, ஒரே இலைல ரெண்டாவது தடவையும் தண்ணி ஊத்திக்கலாம்.

எதை வாங்கினாலும் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க, முன்னாடி கடை பேர் போட்டாலும் பின்னாடி யாரு பாக்கெட் பண்ணினதுன்னு பேரும் ஊரும் 14 இலக்க உரிம எண்ணும் போட்டே ஆகணும். பேக்கிங் தேதி ஆறு மாசத்துக்கு உள்ள இருந்தா எடுங்க, ஒரு வருஷம் ரேக்ல தூங்கினதுன்னா எவ்வளவு பெரிய பிராண்டா இருந்தாலும் வெச்சுட்டு வாங்க. ரேக்ல கையப் பின்னாடி விட்டு உள்ள இருக்கற பாக்கெட்ட எடுங்க, புதுசு அங்கதான் இருக்கும்.

நொய்யல்கரை எழுதியது:

கேன் தண்ணில போட்டுப் பாத்தேனுங்க லண்டன்காரரே, நீங்க சொன்னது நெசம், அதே தூள்ல லேசா ஒரு மணம் வருது. இன்னிக்கு கடைக்குப் போய் பின்பக்கம் படிச்சேன், டஸ்ட் பாக்கெட் பண்ணினது குன்னூர்ல ஒரு கம்பெனி, லீஃப் வேற ஊர்ல. லீஃப்ல நூறு கிராம் எடுத்துட்டு வந்துட்டேன், டஸ்ட் வீட்டம்மாவுக்குன்னு ஒப்பந்தம் ஆயிடுச்சு. இனி வீட்ல ரெண்டு டப்பா, என் டப்பால யாரும் கை வெக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன், பாப்போம்.

டிகிரிகாபி எழுதியது:

ரெண்டு டீ டப்பா வெக்க இடம் இருக்குல்ல, பக்கத்துல ஒரு பில்டரும் வெக்கலாம்.